தர்மபுரி, கிருஷ்ணகிரி குறும்பட திரைக்கதைப் போட்டி: அடிக்கடி கேக்கற கேள்விங்களும் பதிலும்

தர்மபுரியில நாங்க சின்ன குழுவா சேர்ந்து மூணு வருஷமா குறும்பட திரைக்கதைப் போட்டி நடத்திட்டு வர்றோம். அறிவிப்பு போட்ட அன்னிக்கு சாயங்காலமே போன் வர ஆரம்பிச்சிடும், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, அந்தப் பக்கம் ஓசூர், தேன்கனிக்கோட்டை வரைக்கும். கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான், சொல்ற பதிலும் ஒண்ணுதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். அனுப்பறவங்களுக்கும் இருக்கு, தங்க ஊர்ல இதே மாதிரி நடத்தணும்னு நினைக்கறவங்களுக்கும் இருக்கு.

யாரெல்லாம் அனுப்பலாம்?

ரெண்டு மாவட்டத்துல பொறந்தவங்க, இப்ப இங்க இருக்கறவங்க, இங்கிருந்து பொழப்புக்காக பெங்களூரு, திருப்பூர்னு போனவங்க எல்லாரும் அனுப்பலாம். 2004 வரைக்கும் கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான், எங்களுக்கு அதைப் பிரிச்சு பார்க்க மனசு வரல. படிப்பு கேக்க மாட்டோம், 18 வயசுக்கு கீழ இருந்தா மட்டும் வீட்டுல பெரியவங்க ஒருத்தர் கையெழுத்து போட்ட லெட்டர் வேணும், மைனர் போடற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, நாளைக்கு அந்தப் பிள்ளையோட ஸ்கிரிப்டை யாராவது படமா எடுக்கணும்னு வந்தா சிக்கலாயிடும்.

எனக்கு திரைக்கதைன்னா என்னன்னே சரியா தெரியாது, நான் எழுதலாமா?

தாராளமா எழுதுங்க. பார்க்கறவங்க கண்ணுக்கும் காதுக்கும் என்ன போகுதோ அதை மட்டும் வரிசையா எழுதறதுதான் திரைக்கதை. "செல்விக்கு அவ அண்ணன் மேல ரொம்ப நாளா கோவம்"னு எழுதினா கேமராவால அதை எடுக்க முடியாது. "செல்வி தட்டுல களியைப் போட்டு அண்ணன் முன்னாடி வெக்கறா, குழம்பு ஊத்தாம உள்ள போயிடறா"ன்னு எழுதினா எடுத்துடலாம், கோவமும் தானா தெரிஞ்சிடும். இந்த ஒண்ணு புரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்சது, மீதி எல்லாம் எழுத எழுத வரும்.

ஒன்லைன், அதாவது கதையை ஒண்ணு ரெண்டு வரியில சுருக்கி, கேக்கறீங்களே, அதை எப்படி எழுதறது?

தர்மபுரி அருங்காட்சியகத்துல நடுகல்லுங்க வெச்சிருக்காங்க, ஒரு தடவை போய் நின்னு பாருங்க. நம்ம பக்கத்து நடுகல் கல்வெட்டு நிறைய மூணு நாலு வரிதான் இருக்கும், எந்த ராஜாவோட எத்தனையாவது வருஷம், யாரோட சேவகன், எந்த ஊர்ல தொறு கொண்டாங்க, அதை மீட்கப்போய் யாரு பட்டான், அவ்வளவுதான். தொறுன்னா மாட்டுமந்தை, பட்டான்னா செத்தான். ஆளு யாரு, அவனுக்கு என்ன வேணும், எது குறுக்க வந்துச்சு, அவன் எதைக் குடுத்தான், நாலும் அதுல வந்துடுது. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கு படிச்சாலும் அந்த ஆளு கண்ணு முன்னாடி நிக்கறான். உங்க ஒன்லைனும் அப்படி இருந்தா போதும். "ஒரு கிராமத்தில் நடக்கும் உணர்ச்சிப் போராட்டம்"னு எழுதி அனுப்பறாங்க பாருங்க, அதுல ஆளும் இல்ல, மாடும் இல்ல.

எத்தனை பக்கம் இருக்கணும்?

எங்க போட்டி பத்து நிமிஷ படத்துக்கு, அதிகபட்சம் 15 ஏ4 பக்கம். ஒரு பக்கம்னா ஒரு நிமிஷம்னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்வாங்க, அது இங்கிலீஷ்ல கூரியர் ஃபான்ட்ல 12 சைஸ்ல ஹாலிவுட் ஃபார்மட்ல எழுதினா வர்ற கணக்கு. தமிழ் எழுத்து இடம் அதிகமா பிடிக்கும், ஃபான்டுக்கு ஃபான்ட் மாறும், கையெழுத்துன்னா இன்னும் மாறும், அதனால அந்தக் கணக்கை அப்படியே இங்க கொண்டு வராதீங்க. போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு வாய்விட்டு படிங்க, வசனத்தை பேசற வேகத்துல படிங்க, ஆள் நடந்து வர்ற இடம், சும்மா உக்காந்திருக்கற இடம் எல்லாம் மனசுல ஓட்டிப் பார்த்து அந்த நேரத்தையும் சேர்த்துக்கோங்க.

நோட்டுல கையால எழுதி அனுப்பலாமா?

அனுப்பலாம், எங்களுக்கு வர்றதுல நிறைய அப்படித்தான் வருது. நோட்டுல ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க, பக்கத்துக்கு நம்பர் போடுங்க, பென்சில் வேண்டாம், நீலம் இல்லன்னா கறுப்பு மையில எழுதுங்க.

இதுல நாங்க பண்ணின ஒரு தப்பை சொல்லியே ஆகணும். முதல் வருஷம் மெயில்ல ஒரு வேர்டு ஃபைல் வந்தது, திறந்தா முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்து ஏதேதோ இருந்தது, நாங்க "ஃபைல் கெட்டுப்போச்சு"ன்னு ஓரமா வெச்சிட்டு அடுத்ததுக்கு போயிட்டோம். ரிசல்ட் எல்லாம் சொல்லி ரெண்டு மாசம் கழிச்சு, டிடிபி சென்டர் வெச்சிருக்கற ஒரு நண்பர் அதைப் பார்த்துட்டு, இது யூனிகோடு (எல்லா கம்ப்யூட்டர்லயும் போன்லயும் ஒரே மாதிரி தெரியற எழுத்து முறை) இல்லைங்க, பழைய ஃபான்ட், அந்த ஃபான்ட் உங்க கம்ப்யூட்டர்ல இல்லாததால இப்படி தெரியுதுன்னு சொல்லி மாத்திக் குடுத்தாரு. படிச்சோம். அந்த வருஷம் வந்ததுலயே மனசுல நின்ன எழுத்து அதுதான், கல்யாண வீட்டுல பாத்திரம் கழுவற ரெண்டு பொம்பளைங்க ஒரு ராத்திரி பேசிக்கறாங்க, அவ்வளவுதான் கதை. எழுதினவருக்கு போன் பண்ணி நடந்ததை சொல்லி மன்னிப்பு கேட்டோம், ஆனா அவருக்கு போகவேண்டிய இடம் போகலைங்கறது போகலைதான். அன்னில இருந்து ஒரே விதி, படிக்க முடியலைன்னு எந்த ஸ்கிரிப்டையும் தள்ளக்கூடாது, அனுப்பினவங்களை கூப்பிடணும், எடுக்கலன்னா மறுபடி கூப்பிடணும், வேற ஃபைல் வாங்கணும். டைப் பண்றவங்க யூனிகோடுல பண்ணுங்க, பிடிஎஃப்பா மாத்தி அனுப்புங்க, அனுப்பறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் போன்ல திறந்து பார்த்துடுங்க.

சாஃப்ட்வேர் எது யூஸ் பண்றது?

எதுவும் கட்டாயம் இல்ல. கம்ப்யூட்டர் இருந்தா ஸ்க்ரைட்னு ஒண்ணு இருக்கு, பெங்களூருல உருவாக்கினது, தமிழ் மாதிரி இந்திய மொழிகள்ல திரைக்கதை எழுதறதுக்கு வசதியா பண்ணியிருக்காங்க. போன் மட்டும்னா கூகுள் டாக்ஸ் போதும், வாய்ஸ் டைப்பிங்ல பேசிட்டு அப்புறம் திருத்துங்க, வசனத்துக்கு அது நல்லாவே உதவும், ஏன்னா நாம பேசற மாதிரியே வந்து விழும்.

சீன் தலைப்பு மட்டும் ஒழுங்கா போடுங்க. "சீன் 4. வெளி. விடியக்காலை. தொப்பூர் கணவாய், டீக்கடை." இப்படி இருந்தா போதும். பழைய முறையில பக்கத்தை ரெண்டா மடிச்சு இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம்னு எழுதறவங்களும் இருக்காங்க, அதுவும் எங்களுக்கு சரி. ஃபார்மட்டுக்கு மார்க் இல்ல, மார்க் குறைக்கறதும் இல்ல.

ஸ்கிரிப்ட்ல பேரு போடக்கூடாதுன்னு ஏன் சொல்றீங்க?

சின்ன ஊருங்க இது. பேரைப் பார்த்தா ஊரு தெரிஞ்சிடும், ஊரு தெரிஞ்சா சாதி வரைக்கும் கணக்கு போட்டுடுவாங்க, ஆம்பளையா பொம்பளையான்னு பார்ப்பாங்க, நம்ம மாமா பையனாச்சேன்னு ஒரு பக்கம் மனசு சாயும். நடுவர் எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தாலும் இது நடக்கும், அது அவரை மீறி நடக்கறது. அதனால பேரு, போன் நம்பர் எல்லாம் தனி பேப்பர்ல எழுதி அனுப்பணும், ஸ்கிரிப்டுக்கு ஒரு நம்பர் மட்டும் குடுப்போம், அந்த நம்பர் யாருதுன்னு எங்க குழுவுல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் ஒரு ஸ்கிரிப்டைக் கூட படிக்க மாட்டார், மார்க் போட மாட்டார். ஆஸ்கர் குடுக்கற அகாடமி 1986-ல இருந்து புது எழுத்தாளருங்களுக்கு குடுத்துட்டு வர்ற நிக்கோல் ஃபெல்லோஷிப்லயும் முதல் பக்கத்துல பேரு இருக்கக்கூடாதுன்னுதான் வெச்சிருந்தாங்க. பிடிஎஃப் ஃபைலோட பேருல "கடைசி டிராஃப்ட் முருகன்"னு வெச்சு அனுப்பறீங்க, அதையும் நாங்கதான் மாத்தறோம், கொஞ்சம் கவனிங்க.

படிக்கும்போதே இது இன்னார் எழுதினதுன்னு நடுவருக்கு தெரிஞ்சிட்டா? உடனே அந்த ஸ்கிரிப்டை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடணும். காரணம் கூட சொல்ல வேண்டாம்.

மார்க் எப்படி போடறீங்க?

நிறைய பேரு கோவமா கேக்கற கேள்வி இது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஒரு ஸ்கிரிப்டை ரெண்டு பேர் தனித்தனியா படிப்பாங்க, ஒருத்தர் போட்ட மார்க் இன்னொருத்தருக்கு தெரியாது. நூத்துக்கு ரெண்டு பேருக்கும் 20 மார்க்குக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது ஆள் படிப்பார். ஆளுங்க உசுரோட இருக்காங்களா, ஒவ்வொரு சீனுக்கும் அப்புறம் ஏதாவது மாறுதா, பேச்சு அந்த ஆளோட பேச்சா, கண்ணால பார்க்கற மாதிரி எழுதியிருக்கா, முடிவு கதைக்குள்ள இருந்து வருதா இல்ல வெளிய இருந்து ஒட்டினதா, இந்த அஞ்சுக்கும் தலா 20.

போடறது சுலபம், கூட்டறதுலதான் வில்லங்கமே. சில நடுவருங்க கை இறுக்கம், சிலருக்கு தாராள மனசு. ஒருத்தர் படிச்ச கட்டுக்கு சராசரியா 52 போட்டிருக்கார்னு வைங்க, இன்னொருத்தர் சராசரி 74. முதல் ஆள்கிட்ட ஒரு ஸ்கிரிப்ட் 65 வாங்குது, ரெண்டாவது ஆள்கிட்ட இன்னொண்ணு 78 வாங்குது. வெறும் மார்க்கைப் பார்த்தா 78-தான் பெருசு. ஆனா முதல் ஸ்கிரிப்ட் அந்த கறார் மனுஷன்கிட்ட சராசரிக்கு 13 மேல வாங்கியிருக்கு, ரெண்டாவது 4-தான் மேல. அப்போ எது நல்லா எழுதினது? முதல் வருஷம் இதைப் பார்க்காமலே கூட்டி ரிசல்ட் சொல்லிட்டோம், அதுல யாருக்கு அநியாயம் ஆச்சுன்னு இப்ப கண்டுபிடிக்கவும் முடியாது, அந்த ஷீட்ல சராசரியே போட்டு வெக்கல. இப்போ ஒவ்வொரு நடுவரோட சராசரியைக் கழிச்சிட்டு மீதியைத்தான் ஒப்பிடறோம், எக்செல்ல அஞ்சு நிமிஷ வேலை. ஒரு நடுவர் எல்லாத்துக்கும் 50-லயும் 60-லயும் போடறாரு, இன்னொருத்தர் 20 போடுவாரு 95 போடுவாருன்னா அந்த அகலத்தையும் கணக்குல எடுக்கணும், கழிச்சு வந்ததை ஸ்டாண்டர்டு டீவியேஷனால வகுத்துட்டா சரியாயிடும், ப்ளஸ் டூ கணக்கு வாத்தியார் யாரைக் கேட்டாலும் போட்டுத் தருவார். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, கட்டைக் கலைச்சு பிரிச்சுக் குடுக்கணும், நல்ல ஸ்கிரிப்ட் எல்லாம் ஒருத்தர்கிட்டயே போய் சேர்ந்துட்டா இந்தக் கணக்கும் ஏமாத்திடும்.

அதே மாதிரி அசதி. ஒரே ராத்திரியில உக்காந்து பன்னெண்டு ஸ்கிரிப்ட் படிச்சா எட்டாவதுக்கு மேல எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், கடைசியில இருக்கறவன் என்ன பாவம் பண்ணான். ஒரு நாளைக்கு நாலுக்கு மேல படிக்கக்கூடாதுன்னு வெச்சிருக்கோம், வந்த வரிசைப்படியும் குடுக்கறதில்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லா நடுவரும் ஒரே மூணு ஸ்கிரிப்டைப் படிச்சு மார்க் போட்டுட்டு ஒண்ணா உக்காந்து சண்டை போடுவாங்க, ஏன் உனக்கு 40 எனக்கு 80-ன்னு. அந்த ஒரு சாயங்காலம் பேசறதுலயே பாதி பிரச்சனை தீர்ந்துடும்.

இன்னும் ஒண்ணு, சராசரிங்கறது துணிச்சலான எழுத்தை கொன்னுடும். ரெண்டு பேரும் 70 போட்டது ஜெயிக்கும், ஒருத்தர் 95 இன்னொருத்தர் 40 போட்டது தோக்கும். ஆனா 95 வாங்கினதுல ஏதோ இருக்குங்க, சும்மா யாரும் 95 போட மாட்டாங்க. அதனால ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு உரிமை குடுத்திருக்கோம், மார்க் என்ன ஆனாலும் தனக்கு உசுருன்னு தோணற ஒரே ஒரு ஸ்கிரிப்டை நேரா கடைசி சுற்றுக்கு அனுப்பலாம். போன வருஷம் முதல் பரிசு வாங்கினது அப்படி வந்ததுதான்.

கடைசி சுற்றுல எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து ஒவ்வொரு ஸ்கிரிப்டுலயும் ஒரு சீனை வாய்விட்டு படிப்போம், பேசுவோம், அப்புறம் சீட்டு எழுதி போடுவோம். முதல்ல சீட்டு அப்புறம் பேச்சுன்னு மாத்திடாதீங்க, ஒரு தடவை எழுதிட்டா மனுஷன் அதையே பிடிச்சுட்டு நிப்பான்.

நடுவர் யாரு? சினிமா டைரக்டர் யாரும் இல்லையாமே?

ஒருத்தர் எடிட்டிங் வேலை பார்த்துட்டு ஊருக்கு திரும்பினவர், ரெண்டு பேர் தமிழ் டீச்சர், ஒரு அக்கா தையல் கடை வெச்சிருக்காங்க, நூலகத்துல அவங்க படிக்காத நாவல் இருக்கான்னு தெரியல, அப்புறம் கூத்து வாத்தியார் ஒருத்தர். இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துல விடிய விடிய ஆடினவர், வயசு எழுபதுக்கு மேல. அவரால பொடி எழுத்து படிக்க முடியாது, அதனால நாங்க படிச்சுக் காட்டுவோம், கண்ணை மூடிட்டு கேப்பார். இந்த வேஷம் எதுக்கு உள்ள வந்துச்சு, வந்த வேலை முடிஞ்சும் ஏன் இன்னும் நிக்குதுன்னு கேப்பார் பாருங்க, அந்த ஒரு கேள்வியில ஒரு சீனே பல்லிளிச்சிடும். பெரிய பேரு இருக்கற டைரக்டரை கூப்பிட்டா விழாவுக்கு கூட்டம் வரும், ஆனா ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் கடைசி பக்கம் வரைக்கும் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. படிக்காம மேடையில உக்கார்றவர் எங்களுக்கு வேண்டாம்.

நம்ம ஊரு பேச்சுல எழுதலாமா? ஓசூர்க்காரங்க தெலுங்கு, கன்னடம் கலந்து எழுதினா?

எழுதுங்க, அதுக்குத்தான் இந்தப் போட்டியே. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே வீட்டுல அம்மா தெலுங்கு பேசுவாங்க, கடையில கன்னடம், ஸ்கூல்ல தமிழ், சந்தையில உருது. அதை எல்லாம் சென்னை சினிமாத் தமிழா மாத்தி எழுதினா அந்த வீடே காணாமப் போயிடும். வேற மொழி வசனத்தை தமிழ் எழுத்துலயே எழுதுங்க, கீழ அடுத்த வரியில அர்த்தம் எழுதுங்க, அவ்வளவுதான். எங்க நடுவருல ரெண்டு பேருக்கு கன்னடமும் தெலுங்கும் தெரியும்.

எந்த மாதிரி கதை எதிர்பார்க்கறீங்க?

தலைப்பு குடுக்கறதில்ல. ஆனா வர்ற ஸ்கிரிப்டுல சிலது திரும்பத் திரும்ப வரும், பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போன குடும்பம், ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டறவர், ராகி அறுப்பு நேரத்துல காட்டுக்குள்ள இறங்கற யானை, தொப்பூர் கணவாய் விபத்து. நல்ல விஷயம்தான் எல்லாமே, இங்க இருக்கறவங்க இதைத்தானே பார்க்கறோம். ஆனா விபத்தைப் பத்தி எழுதறவர் விபத்தையே எழுதறாரு, யானையைப் பத்தி எழுதறவர் யானையையே எழுதறாரு. போன வருஷம் வந்த ஒண்ணு, மாங்கா சீசன்ல மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல டிராக்டர் க்யூ, ரெண்டு ராத்திரியா நிக்கற ஒரு அப்பனும் பையனும், காய் மேல கைய வெச்சு சூடு பார்த்துட்டே இருக்கார் அப்பன், லேட்டானா பழுத்துடும், விலை போயிடும், பையன் அன்னிக்கு காலையில பெங்களூருல இன்டர்வியூவுக்கு போகணும், அதை எப்படி சொல்றதுன்னு தெரியாம நிக்கறான். விலை பத்தி ஒரு வரி பிரசங்கம் கிடையாது, காய் சூடு மட்டும்தான். அது இங்க இருந்தவங்களால மட்டும்தான் எழுத முடியும்.

வசனத்துக்கு தனி பரிசு உண்டா?

உண்டு, தேசிய விருதுலயே வசனத்துக்கு தனியா இருக்கு. ஆனா பஞ்ச் டயலாக் எழுதினா பரிசுன்னு நினைச்சுடாதீங்க. நல்ல வசனம்னா என்னன்னு யாராவது கேட்டா நான் நம்ம தகடூர்க் கதையையே சொல்வேன். தகடூர்னா நம்ம தர்மபுரிதான். அதியமானுக்காக தொண்டைமான்கிட்ட தூது போறாங்க அவ்வையார், அவன் தன் ஆயுத சாலையைக் காட்டறான், பாரு எங்கிட்ட எவ்வளவு இருக்குன்னு. அவங்க சண்டை வேண்டாம்னும் சொல்லல, எங்க ராஜா சண்டையில பெரிய ஆளுன்னும் நேரா சொல்லல. உன் வேல் எல்லாம் மயில் பீலி கட்டி மாலை போட்டு நெய் பூசி காவலோட அழகா இருக்கு, எங்காளோட வேல் எல்லாம் நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையிலதான் எப்பவும் கெடக்குதுன்னு சொல்றாங்க. அவனைப் புகழ்ற மாதிரியே, நீ சண்டையே பார்த்ததில்லன்னு சொல்லிட்டாங்க. புறநானூறுல 95-வது பாட்டு. வாய் ஒண்ணு சொல்லும், உள்ள ஒண்ணு இருக்கும், எதிர்ல இருக்கறவனுக்கும் பார்க்கறவனுக்கும் அது கேக்கும். இதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

என் கதையை யாராவது திருடிட்டா என்ன பண்றது?

இந்த பயத்துலயே எழுதாம இருக்கறவங்க நிறைய பேரு. முதல்ல தெரிஞ்சுக்கோங்க, 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி நீங்க எழுதி முடிச்ச அந்த நிமிஷமே உரிமை உங்களுதுதான், பதிவு பண்ணாத்தான் உரிமைன்னு இல்ல. உங்க ஆயுசுக்கும் அதுக்கப்புறம் 60 வருஷத்துக்கும் இருக்கும். பதிவு பண்றது சாட்சிக்கு. பதிப்புரிமை அலுவலகத்துல ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம், எழுத்துக்கு 500 ரூபாய் கட்டணம், யாராவது ஆட்சேபணை சொல்றாங்களான்னு 30 நாள் காத்திருப்பாங்க. சென்னையில திரைப்பட எழுத்தாளர் சங்கம் இருக்கு, மும்பை சங்கத்துல மெம்பர் ஆனா ஆன்லைன்ல பதிவு பண்ணலாம். இது எதுவும் முடியலன்னா எங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உங்க மெயிலுக்கே ஒரு காப்பி அனுப்பிக்கோங்க, பதிவு ஆகாது, ஆனா தேதிக்கு ஒரு சாட்சி.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. வெறும் ஐடியாவுக்கு உரிமை கிடையாது. 1978-ல ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, கருவுக்கும் சம்பவத்துக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதை நீங்க எப்படி எழுத்தா ஆக்கினீங்களோ அதுக்குத்தான் உரிமைன்னு. அதனால டீக்கடையில ஒன்லைன் சொல்லிட்டு இருக்காதீங்க, முழுசா சீன் சீனா எழுதி வைங்க, எழுதினதுதான் உங்க சொத்து.

எங்க போட்டியில எல்லா உரிமையும் எழுதினவங்களுக்கே, ஜெயிச்சாலும் தோத்தாலும். வேற போட்டிக்கு அனுப்பும்போது விதிமுறையை கடைசி வரி வரைக்கும் படிங்க, "சமர்ப்பிக்கப்பட்ட படைப்புகளின் உரிமை அமைப்பாளருக்கே"ன்னு எங்கயாவது ஒளிஞ்சிருந்தா அனுப்பாதீங்க. உரிமையை எழுதிக் குடுக்கறதுன்னா எழுத்துல கையெழுத்தோட இருக்கணும், எத்தனை வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும், எந்த இடம்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்.

நாவல், சிறுகதையை வெச்சு எழுதலாமா? உண்மைச் சம்பவம்?

எழுத்தாளரோட அனுமதி லெட்டர் இருந்தா எழுதலாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கின நூல்கள்னா அனுமதி வேண்டாம், ஆனா எதுல இருந்து எடுத்ததுன்னு முதல் பக்கத்துல போடணும். உண்மைச் சம்பவம்னா பேரு, ஊரு மாத்திடுங்க. அடுத்த வீட்டுப் பொண்ணு பட்ட கஷ்டம் உங்களுக்கு கதை, அவளுக்கு அது வாழ்க்கை, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.

ஏஐ வெச்சு எழுதலாமா?

எழுத்துப்பிழை பார்க்க, டைப் பண்ணினதை ஒழுங்கு படுத்த யூஸ் பண்ணிக்கோங்க. கதையும் வசனமும் நீங்கதான் எழுதணும். 2023-ல ஹாலிவுட் எழுத்தாளருங்க 148 நாள் வேலைநிறுத்தம் பண்ணாங்க, அப்ப போட்ட ஒப்பந்தத்துல மெஷினை எழுத்தாளரா கணக்குல எடுக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கினாங்க. எங்க நிலைப்பாடும் அதுதான். சந்தேகம் வந்தா கூப்பிட்டு பேசுவோம், இந்த சீன் ஏன் இங்க வந்துச்சுன்னு கேப்போம், தானே எழுதினவங்க அதுக்கு அரை மணி நேரம் பதில் சொல்வாங்க.

நுழைவுக் கட்டணம்?

கிடையாது. எப்பவும் இருக்காது.

பரிசு கிடைக்காதவங்களுக்கு என்ன?

லெட்டர். அனுப்பின ஒவ்வொருத்தருக்கும், ஒருத்தர் விடாம. இதைத்தான் நான் போட்டியோட உயிர்னு நினைக்கறேன். பரிசு மூணு பேருக்குத்தான், மத்த எல்லாரும் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து, பிள்ளைங்க தூங்கினப்புறம், ஆடு மேய்ச்சுட்டே எழுதினவங்க. அவங்க நோட்டை ஒருத்தர் முழுசா படிச்சாங்கன்னு அவங்களுக்கு தெரியணும். "பங்கேற்றதற்கு நன்றி, மீண்டும் முயலவும்"னு ஒரு வரி அனுப்பறதுக்கு பதிலா எதுவும் அனுப்பாமலே இருக்கலாம்.

லெட்டர்ல மூணு விஷயம் இருக்கும். எந்த இடத்துல எங்களை நிமிர்ந்து உக்கார வெச்சீங்க, எந்தப் பக்கத்துல எங்களுக்கு கவனம் போச்சு, அப்புறம் ஒரே ஒரு கேள்வி. "அம்மா அந்த சாவியை ஏன் கடைசி வரைக்கும் குடுக்கல?" இந்த மாதிரி. இப்படி மாத்தி எழுதுங்கன்னு சொல்லவே மாட்டோம், அது அவங்க கதை. நடுவர் மனசுல இருக்கற படத்தை அவங்க தலையில கட்டக்கூடாது.

எங்க ஊர்லயும் நடத்தணும், எங்க ஆரம்பிக்கறது?

முதல்ல படிக்கறவங்களை தேடுங்க, ஸ்பான்சரை அப்புறம் தேடலாம். கணக்கு போட்டுப் பாருங்க, 60 ஸ்கிரிப்ட் வருதுன்னு வைங்க, ரெண்டு பேர் படிக்கணும்னா 120 வாசிப்பு, படிச்சு குறிப்பு எழுத ஒண்ணுக்கு ஒரு மணி நேரம்னா 120 மணி நேரம். எட்டு பேர் இருந்தா ஆளுக்கு 15 மணி நேரம், அஞ்சு வாரத்துல பிரிச்சா வாரத்துக்கு மூணு மணி நேரம், வேலைக்குப் போறவங்களாலயும் முடியும். மூணு பேர்தான் இருக்காங்கன்னா ஆளுக்கு 40 மணி நேரம், கண்டிப்பா யாராவது பாதியில விட்டுடுவாங்க, அப்போ 25 ஸ்கிரிப்ட் மட்டும் வாங்கறோம்னு முன்னாடியே அறிவிச்சுடுங்க, அதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல.

தேதி பார்த்து வைங்க. முதல் வருஷம் மே கடைசியில முடிவு தேதி வெச்சோம், மாங்கா சீசன், காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கமிருந்து விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் வந்துச்சு, ஆளுங்க தோப்புல இருக்காங்க, யாரு உக்காந்து எழுதுவா. இப்போ ஆடியில அறிவிப்பு, புரட்டாசி கடைசியில முடிவு தேதி, தை பொறந்ததும் ரிசல்ட். சொன்ன தேதியில ரிசல்ட் சொல்லுங்க, தள்ளிப்போனா அன்னிக்கே எல்லாருக்கும் மெசேஜ் போடுங்க. விதிமுறையை நடுவுல மாத்தாதீங்க, தப்பா எழுதியிருந்தாலும் அந்த வருஷம் அப்படியே போகட்டும்.

ரெண்டு பேருக்கு சம மார்க் வந்தா?

பரிசைப் பிரிச்சுக் குடுப்போம்.

ஜெயிச்சா நீங்களே படம் எடுப்பீங்களா?

எங்ககிட்ட அவ்வளவு காசு இல்ல. கேமரா வெச்சிருக்கற பசங்களையும் ஜெயிச்சவங்களையும் ஒரு நாள் ஒண்ணா உக்கார வெப்போம், பேசி ஒத்துவந்தா அவங்களே எடுத்துக்குவாங்க. ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கன்னு ரெண்டு பக்கமும் சொல்வோம், சிநேகிதமா இருந்தாலும்.

கையெழுத்து நோட்டு திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். வந்த அன்னிக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்துட்டு நோட்டை பத்திரமா வெச்சிடுவோம், நடுவருங்க போட்டோ பிரிண்ட்லதான் குறிப்பு எழுதுவாங்க. ரிசல்ட் முடிஞ்சதும் நோட்டு, லெட்டர், குறிப்பு எழுதின பிரிண்ட் மூணையும் சேர்த்து அனுப்புவோம், தபால் செலவு எங்களுது. தர்மபுரி டவுன் பக்கம் வர்றவங்க நாலு ரோட்டுகிட்ட நேர்ல வாங்கிக்கலாம், எந்த நாள்னு மெசேஜ் வரும். அஞ்செட்டி பக்கத்துல இருந்து ஒரு அம்மா ரெண்டு வருஷமா நேர்லயே வந்து வாங்கிட்டுப் போறாங்க, போன தடவை பழைய நோட்டை வாங்கின கையோட புது நோட்டை குடுத்துட்டுப் போனாங்க, அறிவிப்பு வர இன்னும் ஆறு மாசம் இருந்துச்சு.